டெபாசிட் ரசீது கேட்டவருக்குப் பங்குப் பத்திரம் ஏன்?

வருமான வரிக் கணக்குக்காக ஜூன், ஜூலையில் அலுவலகத்துக்கு வரும் ஓய்வூதியர்களின் ஃபைலில், வங்கி எஃப்.டி. ரசீதுகளுக்கு நடுவே சில சமயம் ஒரு கெட்டிக் காகிதம் தட்டுப்படும். தங்க நிற பார்டர், கம்பெனி முத்திரை, இரண்டு இயக்குநர்களின் கையெழுத்து. எந்த பேங்க் என்று கேட்டால், "பேங்க் இல்லை சார், நம்ம ஊர் கம்பெனிதான். பன்னிரண்டு பர்சென்ட், மாசம் பொறந்தா கணக்குல விழுந்துடும்" என்று பதில் வரும். காகிதத்தை வாசித்தால் டெபாசிட் என்ற சொல்லே அதில் இருக்காது. '12 சதவீத மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்குகள்' என்றோ, 'கட்டாயமாகப் பங்காக மாற்றப்படும் டிபெஞ்சர்' என்றோ போட்டிருக்கும். டிபெஞ்சர் என்றால் கம்பெனி வாங்கும் கடனுக்குக் கொடுக்கும் பத்திரம். பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தால், அவர் வட்டி என்று சொன்ன தொகை ஈவுத்தொகையாக, அதாவது லாபத்தில் பங்குதாரருக்குக் கொடுக்கும் பங்காகப் பதிவாகியிருக்கும். சில சமயம் ஒன்றுமே பதிவாகியிருக்காது. அப்போதுதான் எனக்குக் கவலை அதிகம்.

எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். டெபாசிட் போட வந்தவருக்கு எதற்காகப் பங்கைக் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

காரணம் எளிமையானது. பெரும்பாலான கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, 100 கோடி ரூபாய் நிகர மதிப்போ 500 கோடி ரூபாய் விற்றுமுதலோ உள்ள பப்ளிக் லிமிடெட் கம்பெனிதான் பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டலாம். ஃபைனான்ஸ் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கி டெபாசிட்டுக்கென்று தனியாக அனுமதித்திருக்க வேண்டும். வீட்டுமனை விற்கிறவர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், பால் பண்ணை நடத்துபவர் யாருக்கும் இந்தக் கதவு திறக்காது. டெபாசிட் விதிகளோ சிலவற்றை டெபாசிட் இல்லை என்று விலக்கி வைத்திருக்கின்றன: பங்கு மூலதனம், சொத்தின் மீது முதல் அடமானம் உள்ள டிபெஞ்சர், பத்து ஆண்டுக்குள் கட்டாயமாகப் பங்காக மாறும் டிபெஞ்சர், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட டிபெஞ்சர். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர்களுக்கு மூலதனம் கிடைக்க வைத்த வழி இது. மற்றவர்களும் அதே வழியில் உள்ளே வருகிறார்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்ய 2019இல் வந்த சட்டமும், கம்பெனிகளைப் பொறுத்தவரை கம்பெனிகள் சட்டத்தின் வரையறையைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காகிதத்தில் 'பங்கு' என்று அச்சடித்துவிட்டால், நீங்கள் டெபாசிட்தாரர் என்று வாதாடுவதே கஷ்டம்.

நம் ஊரில் தெருவுக்கு ஒரு நிதி கம்பெனி (உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுப்பது) இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நிதி கம்பெனிகள் முன்னுரிமைப் பங்கோ டிபெஞ்சரோ வெளியிடவே கூடாது என்று 2014ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பெயருக்குப் பின்னால் 'நிதி லிமிடெட்' என்று போட்டுக்கொண்டு ஒருவர் முன்னுரிமைப் பங்கை நீட்டினால், மேற்கொண்டு எதையும் ஆராய வேண்டியதில்லை.

சரி, முன்னுரிமைப் பங்கில் அப்படி என்ன முன்னுரிமை? சாதாரணப் பங்குதாரருக்கு ஈவுத்தொகை கொடுப்பதற்கு முன்பு உங்களுக்குக் கொடுக்க வேண்டும். கம்பெனியை மூடினால் அவருக்கு முன்பு உங்கள் முதல் திரும்ப வேண்டும். அவ்வளவுதான். கடன் கொடுத்தவர்களுக்கு முன்பு அல்ல. 12 சதவீதம் என்று எழுதியிருப்பது வட்டி விகிதமும் அல்ல. லாபம் இருந்து, அதை அறிவித்தால் தர வேண்டிய ஈவுத்தொகையின் அளவு. லாபமில்லாத வருடத்தில் கொடுக்காவிட்டால் கம்பெனி கடனைத் தவறவிட்டதாக ஆகாது. 'குமுலேட்டிவ்' வகையாக இருந்தால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பாக்கியும் லாபம் வந்தால்தான் கைக்கு வரும்.

முதலைத் திரும்பக் கேட்கும்போதும் இதே கதைதான். ஐந்து வருடத்தில் மீட்பு என்று பத்திரத்தில் இருக்கும். ஆனால் ஈவுத்தொகைக்கு உரிய லாபத்திலிருந்தோ, மீட்பதற்கென்று புதிதாகப் பங்கு வெளியிட்டுத் திரட்டிய பணத்திலிருந்தோ மட்டுமே மீட்கலாம் என்பது சட்டத்தின் 55ஆவது பிரிவு. இரண்டும் இல்லையென்றால், அந்த வகைப் பங்குகளில் மதிப்பின்படி நான்கில் மூன்று பங்கை வைத்திருப்பவர்களின் சம்மதத்தோடும் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடும், பழைய பங்குக்குப் பதில் இன்னொரு முன்னுரிமைப் பங்கைக் கொடுக்கலாம். பணம் கேட்டவருக்கு இன்னொரு காகிதம்! மீட்புத் தேதி தாண்டிவிட்டது, இனி நான் கடன் கொடுத்தவன்தானே என்று திவால் சட்டத்தின் கீழ் போவதற்கும் வழியில்லை. மேட்டிக்ஸ் ஃபெர்டிலைசர்ஸ் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. தேதி கடந்தாலும் முன்னுரிமைப் பங்குதாரர் பங்குதாரர்தான், கடன் கொடுத்தவர் ஆக மாட்டார்.

திவால் சட்டத்தின் 53ஆவது பிரிவில் கலைப்புப் பணத்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசை இருக்கிறது. நடைமுறைச் செலவு, அடமானம் வைத்திருக்கும் வங்கிகள், தொழிலாளர் பாக்கி, ஊழியர் சம்பளம், அடமானமில்லாத கடன், அரசுப் பாக்கி, மற்ற கடன்கள் எல்லாம் முடிந்த பிறகு முன்னுரிமைப் பங்குதாரர் வருகிறார். அவருக்குக் கீழே இருப்பது சாதாரணப் பங்குதாரர் மட்டும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு முந்திய பந்தியில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் வந்து சேருமா என்பது பாத்திரத்தின் அளவைப் பொறுத்தது.

ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். இதற்கு ஓர் உதாரணம். உள்கட்டமைப்புத் துறையில் பெரிய பெயர், எல்.ஐ.சி., ஸ்டேட் வங்கி எல்லாம் பங்குதாரர்கள். 2018 ஆகஸ்ட் வரை உச்சமான 'ஏஏஏ' தரமதிப்பீடு, செப்டம்பர் முடிவதற்குள் கடன் தவறியதைக் குறிக்கும் 'டி'. அக்டோபர் 1 அன்று அரசு இயக்குநர் குழுவையே மாற்றியது. குழுமத்தின் கடன் 90,000 கோடி ரூபாய்க்கு மேல். அதன் முன்னுரிமைப் பங்குகளை நல்ல வருமானம் வருகிறதே என்று வசதியானவர்கள் பலர் வாங்கி வைத்திருந்தார்கள். வங்கிகளே தங்கள் பாகத்துக்குக் காத்திருக்கும் இடத்தில் இவர்கள் எங்கே நிற்பது? வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லின் டிபெஞ்சர் வாங்கியவர்களும் 2019இல் அடிபட்டார்கள், உண்மைதான். அங்கேயும் பணம் முழுதாக வரவில்லை. ஆனால் அவர்கள் கடன் கொடுத்தவர்கள் என்பதால் தீர்வுத் திட்டத்தில் அவர்களுக்கு ஒரு பாகம் ஒதுக்கப்பட்டது. 'டிபெஞ்சர்', 'முன்னுரிமைப் பங்கு' என்ற இரண்டு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்கிற ஏஜெண்டுகள் இந்த வித்தியாசத்தை மறைக்கிறார்கள், அல்லது அவர்களுக்கே தெரியாது.

இனி மாற்றத்தக்க டிபெஞ்சர். எழுபது வயதைத் தாண்டிய சிலருக்கு இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மலரும். காரணம் ரிலையன்ஸ். எண்பதுகளில் அந்தக் கம்பெனி வரிசையாக டிபெஞ்சர் வெளியிட்டது. வட்டியும் வந்தது, பிறகு பங்காக மாறி, பங்கின் விலையும் ஏறியது. நடுத்தரக் குடும்பங்கள் பல அதில் சம்பாதித்தன. அந்த நாளில் வெளியீட்டு விலைக்கு டெல்லியில் இருந்த மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும். அவர் சம்மதிக்கும் விலை பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. அந்த இடைவெளிதான் முதலீட்டாளரின் லாபம். 1992இல் அந்த அலுவலகமே மூடப்பட்டது. அந்தக் காலத்து லாபத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய காகிதத்தை வாங்கக் கூடாது.

இன்று உங்களிடம் விற்க வருவது பெரும்பாலும் பட்டியலிடப்படாத பிரைவேட் லிமிடெட்டின் கட்டாய மாற்று டிபெஞ்சர். மாறும் நாள் வரைக்கும் வட்டி உண்டு என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மறுநாள் என்ன கிடைக்கும்? சந்தையில் விலையில்லாத, இயக்குநர்கள் சம்மதிக்காமல் கைமாற்ற முடியாத, ஒரு குடும்பக் கம்பெனியின் சாதாரணப் பங்கு. மாத வருமானத்துக்காகப் போட்ட பணம் அன்றோடு வருமானம் தருவதை நிறுத்திவிடும். முதல் திரும்ப வேண்டிய தேதி என்று ஒன்று அந்தப் பத்திரத்தில் கிடையவே கிடையாது. புதுத் தொழிலில் முதல் போடுகிற பணக்காரர்களுக்கு இது சரியான கருவி. கம்பெனி பத்து மடங்கு வளர்ந்தால் அவர்களுக்குப் பலன், போனாலும் தாங்குவார்கள். பணிக்கொடையை இதில் போடுகிறவர் தாங்க மாட்டார்.

டெபாசிட் கதவு மூடினால் டிபெஞ்சர் கதவைத் தட்டுவார்கள் என்பதற்கு சகாராவைவிடப் பெரிய சாட்சி இந்தியாவில் இல்லை. 2008 ஜூனில் சகாராவின் நிதி நிறுவனம் டெபாசிட் வாங்குவதற்கு ரிசர்வ் வங்கி கடிவாளம் போட்டது. 2008, 2009 ஆண்டுகளில் அந்தக் குழுமத்தின் வேறு இரண்டு கம்பெனிகள் 'விருப்பப்படி முழுவதும் மாற்றத்தக்க டிபெஞ்சர்' விற்கத் தொடங்கின. ஏறக்குறைய மூன்று கோடிப் பேரிடம் 24,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டிவிட்டு, இது தெரிந்தவர்களுக்குள் நடந்த தனிப்பட்ட வெளியீடு என்று வாதாடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் போனாலே பொது வெளியீடு என்பது அன்றைய சட்டம். 2012 ஆகஸ்ட் 31 அன்று, 15 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாற்றத்தக்கது என்ற சொல்லைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து பணம் வாங்கிப் போனார், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு முன்னுரிமைப் பங்கு என்றாலே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். டி.வி.எஸ். மோட்டார் 2025இல் தன் பங்குதாரர்களுக்கு ஒரு பங்குக்கு நான்கு வீதம், பத்து ரூபாய் முகமதிப்பில், 6 சதவீத முன்னுரிமைப் பங்குகளை போனஸாகக் கொடுத்தது. மொத்தம் 1,900 கோடி ரூபாய். லாபம் ஈட்டும் பட்டியலிட்ட கம்பெனி, தீர்ப்பாயத்தின் ஒப்புதல், டீமேட் எனும் மின்னணுக் கணக்கில் வரவு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் விகிதத்தைக் கவனியுங்கள்: ஆறு சதவீதம். நல்ல கம்பெனி ஆறு கொடுக்கும்போது, பெயர் தெரியாத கம்பெனி பன்னிரண்டு, பதினைந்து கொடுப்பது தாராள மனதால் அல்ல. வங்கி அந்தக் கம்பெனிக்குக் கடன் தரவில்லை, அல்லது இதைவிட அதிக வட்டி கேட்கிறது.

வரிக்குப் பிறகு கையில் நிற்பதையும் பாருங்கள். 2020 ஏப்ரலிலிருந்து ஈவுத்தொகைக்கு வாங்குகிறவர்தான் தன் வருமான வரம்புப்படி வரி கட்ட வேண்டும். மூத்த குடிமக்களுக்குப் பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை கிடைக்கும் வட்டிக் கழிவு, வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலக டெபாசிட்டுகளுக்கு மட்டும்தான். டிபெஞ்சர் வட்டிக்கும் இல்லை, ஈவுத்தொகைக்கும் இல்லை. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலில் வரம்பு 30 லட்சமாகவும் வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தது. அதை நிரப்பாமலேயே பன்னிரண்டு சதவீதத்தைத் தேடிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாங்கத்தான் போகிறேன் என்கிறவர்களுக்குச் சில சோதனைகள். பட்டியலிடப்படாத கம்பெனி தனிப்பட்ட முறையில் பங்கோ டிபெஞ்சரோ விற்க வேண்டுமானால், ஒவ்வொரு வகையிலும் ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது. உங்கள் பெயர் போட்டு பாஸ்-4 என்ற சலுகைக் கடிதம் தர வேண்டும். விளம்பரம் செய்யக் கூடாது, ரொக்கமாக வாங்கக் கூடாது. ஆகவே நோட்டீஸ் அடித்து மண்டபத்தில் கூட்டம் போட்டு விற்றால் அதுவே சட்டமீறல். பட்டியலிடாத பப்ளிக் லிமிடெட் கம்பெனிகள் 2018 அக்டோபரிலிருந்து டீமேட் வடிவில்தான் பங்கு வெளியிட முடியும். அப்படிப்பட்ட கம்பெனி இன்னமும் தங்க பார்டர் காகிதம் தந்தால் வாங்காதீர்கள். டிபெஞ்சருக்குச் சொத்து அடமானம் இருக்கிறது என்று சொன்னால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அடமானப் பட்டியலை இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் அங்கே ஒரு வங்கியின் பெயர் ஏற்கெனவே இருக்கும். 100 ரூபாய் கட்டினால் அதே தளத்தில் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பும் கிடைக்கும். அதில் நஷ்டம் இருந்து, உங்களுக்கு மட்டும் மாதாமாதம் ஒரு சதவீதம் தவறாமல் வருகிறது என்றால், அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவருடைய பணம் அதுவாக இருக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் முதலில் அந்தப் பத்திரத்தையும் ஒதுக்கீட்டுக் கடிதத்தையும் பணம் போன வங்கி அறிக்கையையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். தனிப்பட்ட வெளியீட்டு விதி மீறப்பட்டிருந்தால் கம்பெனிப் பதிவாளரிடம் புகார் செய்யலாம். மீறல் நிரூபணமாகி அபராத உத்தரவு வந்தால், வாங்கிய பணத்தை 30 நாளுக்குள் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று சட்டத்தின் 42ஆவது பிரிவு சொல்கிறது. பட்டியலிட்ட கம்பெனி என்றால் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஸ்கோர்ஸ் புகார்த் தளம் இருக்கிறது.

அப்புறம், அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமை. சாதாரணமாக முன்னுரிமைப் பங்குதாரருக்குத் தன் உரிமையைத் தொடும் தீர்மானங்களில்தான் ஓட்டு. இரண்டு ஆண்டு ஈவுத்தொகை வராவிட்டால், கம்பெனியின் எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டு வந்துவிடும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கைக் கேட்கலாம், இயக்குநர் மறுநியமனத்தை எதிர்த்து ஓட்டுப் போடலாம். ஒரே ஊரில் வாங்கிய இருபது முப்பது பேர் சேர்ந்து போனால் அதன் பலனே வேறு. பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் தங்கள் சங்க விதிகளில் (கம்பெனியை நடத்துவதற்கான உள்விதிகள்) எழுதி இந்த உரிமையை விலக்கிக்கொள்ள 2015இல் சலுகை கொடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்த 100 ரூபாய் கட்டும்போது இருப்புநிலைக் குறிப்போடு சங்க விதிகளையும் இறக்கி, ஓட்டுரிமை பற்றிய பகுதியை உங்கள் ஆடிட்டரிடம் காட்டிப் படித்துவிடுங்கள்.