தயோபென்டோன்: சொல்லும் பொருளும்

சிரை வழியே செலுத்திய ஏறத்தாழ 30 விநாடிகளில் நினைவிழக்கச் செய்யும் பார்பிட்யுரேட் வகை மயக்க மருந்தே தயோபென்டோன். இதனை அமெரிக்கர் தயோபென்டால் என்பர். பென்டோதால் என்பது வணிகப் பெயர்.

பெயரின் முன்பகுதியான 'தயோ', கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பென்டோபார்பிட்டால் என்னும் உறக்க மருந்தின் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்குப் பதிலாகக் கந்தக அணுவைப் பொருத்தியதால் மருந்து கொழுப்பில் எளிதாகக் கரைந்து மூளைக்குள் விரைந்து நுழையும் தன்மை பெற்றது; அதன் இளமஞ்சள் தூளில் வீசும் பூண்டு வாடையும் கந்தகத்தின் கொடைதான். அபாட் நிறுவனத்தின் வால்வைலரும் டேபெர்னும் உருவாக்கிய இம்மருந்து, 1934இல் மனிதர்களிடம் பயன்பாட்டுக்கு வந்தது. குலப்பெயரான பார்பிட்யுரேட், 1864இல் அடால்ஃப் ஃபொன் பேயர் யூரியாவையும் மலோனிக் அமிலத்தையும் கொண்டு ஆக்கிய பார்பிட்யூரிக் அமிலத்திலிருந்து வந்தது. அதன் முற்பாதி புனித பார்பராவின் திருநாளைக் குறிக்கிறது என்பாரும், பேயர் அறிந்த பார்பரா என்ற பெண்ணைக் குறிக்கிறது என்பாரும் உளர்.

இவ்வகையைத் தமிழில் 'குறுகிய கால மயக்க மருந்து' என எழுதுவது பொருளை மயக்குகிறது. சில நாள் மட்டும் உட்கொள்ளும் மருந்து என்றோ, உடலை விட்டு விரைவில் நீங்கும் மருந்து என்றோ படிப்பவர் கொள்ளக்கூடும். உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் வரை பெற்றவர் 5 முதல் 10 நிமிடங்களில் விழிப்பதற்குக் காரணம் மருந்து அழிந்துபோவதன்று. அது மூளையிலிருந்து தசைகளுக்கும் பின்னர் கொழுப்புக்கும் பெயர்ந்துவிடுவதே. கல்லீரல் அதனைச் சிதைக்கப் பல மணி நேரம் ஆவதால், மீண்டும் மீண்டும் செலுத்தினால் உடலில் சேர்ந்து விழிப்பு வெகுவாகத் தாமதமாகும். எனவே குறுமை மருந்தின் வினைக்கே உரியது. 'குறுவினை' என்ற அடை அதனைச் சரியாகச் சொல்லும்.

'உணர்வகற்றி' என்பது மயக்க மருந்தைக் குறிக்கும் 'அனஸ்தெடிக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க வேர்ப்பொருளுக்கு நெருக்கமானதாயினும், நினைவைப் போக்கும் தயோபென்டோனுக்கு வலி நீக்கும் ஆற்றல் இல்லை என்பதால் இங்கே பொருந்தாது. உணர்வகற்றி என்ற பெயர், மருத்துவமனையில் 'மரத்துப்போகும் ஊசி' எனப்படும் லிக்னோகெயின் போன்றவற்றுக்கே தகும். ஆகவே 'குறுவினை மயக்கி' என்பதே என் தேர்வு. நோயாளியிடம் பேசும்போது 'மயக்க ஊசி' போதும். மருத்துவக் குறிப்பில் மட்டும் மருந்தின் பெயரை ஒலிபெயர்த்து முழுமையாக எழுத வேண்டும், ஏனெனில் குருதியின் செந்நிறப் பொருள் உருவாவதில் ஏற்படும் கோளாறான போர்ஃபிரியா நோய் உள்ளவர்க்குப் பார்பிட்யுரேட்டுகள் தரக்கூடாதவை.