அந்தச் சின்னப் பொட்டலத்தை என்ன செய்தீர்கள்?

பெரம்பலூர் பக்கம் ஒரு பருத்திக் கொல்லை. சில வருடங்களுக்கு முன் போயிருந்தபோது மோட்டார் கொட்டகை ஆணியில் காலி விதைப் பை தொங்கியது, அதற்குள் 120 கிராம் பொட்டலம் ஒன்று பிரிக்காமலே கிடந்தது. "ஏண்ணே, இதை விதைக்கலையா?" என்று கேட்டேன். "அது சும்மா குடுக்குறதுதானே சார், புழு திங்கிற விதையாம், அதை எதுக்குப் போட்டு இடத்தை அடைக்கணும்?" என்றார். பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிற நான் இந்தப் பதிலை ஊர் ஊராகக் கேட்டிருக்கிறேன்.

அவர் மேல் தப்பே இல்லை. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி பாக்டீரியா மரபணு சேர்த்ததுதான் பி.டி. பருத்தி. 2002 மார்ச்சில் மத்திய அரசு அதற்கு அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை வைத்தது: வயலைச் சுற்றி 5 வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அந்த அளவுக்குச் சாதாரணப் பருத்தி போட வேண்டும். அதற்காகத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு அந்தப் பொட்டலம் வந்தது. பி.டி. செடியைத் தின்றும் சாகாமல் தப்பிக்கிற ஒன்றிரண்டு புழு அந்துப்பூச்சியாகி, தன்னைப் போலவே தப்பித்த இன்னொன்றோடு சேர்ந்தால் பிறக்கிற குஞ்செல்லாம் நஞ்சைத் தாங்கும். பக்கத்திலேயே சாதாரணச் செடியில் வளர்ந்த அந்துகள் நிறைய இருந்தால் அவற்றோடுதான் சேரும், அடுத்த தலைமுறையும் பி.டி. செடியில் சாகும். பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என்று வேறு பயிர் இருக்கிறது, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கோ பருத்தியை விட்டால் பெரிதாக ஒன்றும் கிடையாது. முதலில் மீறிக்கொண்டு வந்ததும் அதுதான். குஜராத்தில் ஒரே ஒரு பி.டி. மரபணு வைத்த பருத்தியை அது தாங்குவது 2010-லேயே வெளியே வந்தது, அப்புறம் இரண்டு மரபணு வைத்த பருத்தியையும் தாங்க ஆரம்பித்தது.

இந்தக் காரணத்தை வரப்பில் நின்று அவருக்கு யார் சொன்னார்கள்? எனக்கு வருத்தம் அங்கேதான். டெல்லியில் போட்ட நிபந்தனை பையின் மேல் பொடி எழுத்தாக வந்து நின்றுவிட்டது.

கத்தரிக்காயிலும் நம் ஆட்களை யாரும் சரியாகக் கேட்கவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, எம்.டி.யு. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1 என்ற நம்மூர் ரகங்களிலேயே பி.டி. மரபணுவைச் சேர்த்திருந்தது. 2010 தொடக்கத்தில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 ஊர்களில் மக்கள் கருத்தைக் கேட்டார், அதில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை. பிப்ரவரி 9-ம் தேதி பி.டி. கத்தரியைக் காலவரையின்றி நிறுத்திவைத்தார். நிறுத்தியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் இத்தனை வருடமாக அதைப் பற்றி முடிவும் சொல்லாமல், விவசாயியிடம் பேசவும் செய்யாமல் விட்டதை ஏற்க முடியவில்லை. வங்கதேசம் 2014-லேயே அதைப் பயிரிட ஆரம்பித்துவிட்டது. மரபணு மாற்றிய கடுகு பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள், ஆனாலும் விவசாயிகளையும் மாநிலங்களையும் கலந்து ஒரு தேசியக் கொள்கை வகுக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாகவே நின்றார்கள்.

பேச வேண்டியவர்கள் பேசாததால் ஒருபக்கம் மரபணு என்ற சொல்லைக் கேட்டாலே பயம், இன்னொருபக்கம் களைக்கொல்லி அடித்தாலும் காயாத பருத்தி என்று பில் இல்லாமல் கைமாறுகிற விதை. அந்தப் பருத்திக்கு அரசு அனுமதியே கிடையாது, பயிரிடுவது சட்டத்துக்குப் புறம்பானது. விதை முளைக்காமல் போனால் போய்க் கேட்க உங்கள் கையில் ஒரு காகிதமும் இருக்காது, அதனால் பில் வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

இப்போது சாதாரண விதையைப் பி.டி. விதையோடு ஒரே பையில் கலந்தே தருகிறார்கள், பொட்டலத்தைத் தூக்கி எறிய வழியில்லை. ஆனால் புழு ஏற்கெனவே வந்துவிட்டதே. பூ விட்டதும் கொல்லைக்குள் நடந்து பாருங்கள், விரியாமல் இதழ்கள் ஒட்டிக்கொண்டு ரோஜா மொட்டு மாதிரி நிற்கிற பூவைப் பிரித்தால் உள்ளே சின்னப் புழு இருக்கும். அந்தப் பூக்களைப் பறித்து அழித்துவிடுங்கள், ஆண் அந்துகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி கட்டுங்கள். கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரை, அதாவது காய்ந்த செடிகளை, வரப்பில் அடுக்கி வைக்காதீர்கள், வெடிக்காத காய்க்குள் புழு அடுத்த பருவம்வரை தூங்கிக்கொண்டிருக்கும்.