பாறையில் சிதறும் அலைக்குக் கணக்குப் போடுவது எப்படி?

திருவொற்றியூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் தூண்டில் வளைவு (கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் கொட்டும் கல் சுவர்) போடுவதற்கு முன்னால் அலை எப்படி மோதும் என்று கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாமாமே? கல்லில் அடித்துச் சிதறும் தண்ணீரை எப்படி சார் கணக்குப் போடுவார்கள்?"

வழக்கமான முறை இது: நியூட்டனின் இரண்டாம் விதியைத் திரவத்துக்கு எழுதினால் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடு. நீர் இருக்கும் இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம், அழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பார்கள். குழாயில் ஓடும் நீருக்கு அருமையான வழி. பாறாங்கல்லில் அடித்து, சுருண்டு, துளியாகப் பறந்து, மறுபடி விழும் அலைக்கு? எந்தக் கட்டத்தில் எவ்வளவு நீர், எவ்வளவு காற்று என்று துரத்திப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். முடியாது என்றில்லை, பாடு அதிகம்.

மாற்று வழியைத் தந்தவர்கள் வானியல்காரர்கள். 1977இல் லியான் லூசி ஒரு பக்கம், கிங்கோல்டும் மோனகனும் இன்னொரு பக்கம், விண்மீன்களை ஆராய்வதற்காகக் கட்டங்களையே தூக்கிப் போட்டுவிட்டு வாயுவை நகரும் துகள்களாக வைத்துக்கொண்டார்கள். 1994இல் மோனகன் அதையே தண்ணீருக்கும் செய்துகாட்டினார். இந்த முறைக்கு எஸ்பிஹெச் (ஸ்மூத்ட் பார்ட்டிகிள் ஹைட்ரோடைனமிக்ஸ்) என்று பெயர்.

ஒரு கன மீட்டர் நீரை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பிரித்தால் பத்து லட்சம் துகள்கள், ஒவ்வொன்றும் ஒரு கிராம். சரி, தன் இடத்தில் அடர்த்தி என்ன என்று ஒரு துகளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காசிமேட்டில் கருவாடு காயும் இடத்தருகே நின்றால் வாசம் மூக்கைத் துளைக்கும். தள்ளிப் போகப் போகக் குறைந்து, ஓரிடத்தில் சுத்தமாக நின்றுவிடும். ஒவ்வொரு துகளின் நிறையும் அப்படித் தன்னைச் சுற்றிப் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறோம். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பங்கு என்று சொல்லும் சார்புக்குக் கெர்னல் என்று பெயர். நம் துகளை வந்து எட்டும் பங்குகளையெல்லாம் கூட்டினால் அடர்த்தி கிடைத்துவிடும். ஐம்பது அறுபது அண்டைத் துகள்கள், வெறும் கூட்டல்! அவை நெருங்கினால் கூட்டுத்தொகை ஏறும். அடர்த்தி ஏறினால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் ஒன்றையொன்று தள்ளும். ஒன்று தள்ளும் அளவுக்கே மற்றது திருப்பித் தள்ளும்படி சூத்திரத்தை எழுதிவிடுவதால் மொத்த உந்தம் எங்கும் தொலையாது. நீரின் மேற்பரப்பை யாரும் தேட வேண்டாம். துகள் இருக்கும் இடமெல்லாம் நீர்.

இதில் ஒரு கள்ளாட்டமும் உண்டு. நீரில் அழுத்த மாற்றம் ஒலியின் வேகத்தில் பரவும், அதாவது விநாடிக்குச் சுமார் 1,480 மீட்டர். அதற்கு ஈடுகொடுக்க, கணக்கு அடியெடுத்து நகரும் காலத்துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். அதனால் நீர் விநாடிக்கு 3 மீட்டர் ஓடினால், ஒலி 30 மீட்டர்தான் போகிறது என்று வேண்டுமென்றே பொய் சொல்கிறார்கள். தண்ணீர் ஒரு சதவீதம் போல அமுங்கும். வேலையோ ஏறக்குறைய ஐம்பது மடங்கு குறையும். லாபமான பேரம்.

சுவர்தான் தலைவலி. சுவரோரத் துகளுக்கு ஒரு பக்கம் அண்டையே இல்லை, கூட்டல் குறைந்து அடர்த்தி தப்பாக வரும். அதனால் சுவருக்குள்ளும் நகராத துகள்களை அடுக்கிவைப்பது வழக்கம். அப்புறம் செலவு: இடைவெளியைப் பாதியாக்கினால் துகள்கள் எட்டு மடங்கு, காலத்துண்டுகள் இரண்டு மடங்கு, ஆக வேலை பதினாறு மடங்கு.

இன்னொன்று, இது சில விநாடி, நிமிடக் கதைகளுக்கான கருவி. சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்ததும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் பல பத்தாண்டுக் கதை. அதற்கு வேறு மாதிரிகள் இருக்கின்றன. (கடலுக்குக் கோபம் என்பவர்கள் அந்தத் துறைமுகத்தின் தடுப்புச் சுவரையும் ஒருமுறை பார்க்கலாம்.)

இதற்கான டூயல்எஸ்பிஹெச்சிக்ஸ் மென்பொருள் இலவசம், கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடும். கல் கொட்டச் செலவாகும் பணத்தில் ஒரு துளியை வடசென்னைப் பொறியியல் மாணவர்களிடம் கொடுத்து, கொட்டுவதற்கு முன்பே கணக்குப் போடச் சொன்னால் என்ன?