க்ரீமை நிறுத்திய மறுவாரம்

"டாக்டர், அந்த க்ரீமைப் போட்டால் முகம் நன்றாக இருக்கிறது. இரண்டு நாள் விட்டால் சிவந்து எரிகிறது. அப்படியென்றால் அது எனக்கு ஒத்துக்கொள்கிறது என்றுதானே பொருள்?"

சிவப்பழகு க்ரீம் பூசுகிறவர்கள் தோல் மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முன்பெல்லாம் திருமணம் நிச்சயமான பெண்கள்தான் கேட்பார்கள். இப்போது தாடியை மழித்தாலே முகம் எரிகிறது என்று வரும் கல்லூரி மாணவர்களும் கேட்கிறார்கள். நிறுத்தினால் எரிகிறது என்பது தோல் கெட்டுப்போயிருப்பதற்கான அடையாளம். அதையே க்ரீமின் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்வதால்தான் ஒரு மாதத்தில் முடிய வேண்டிய தொல்லை மூன்று நான்கு ஆண்டுகள் நீள்கிறது. சிவப்பழகு க்ரீம்கள் ஆபத்தானவை என்று எச்சரிக்கிறவர்கள் நிறைய. நிறுத்தியபின் முகத்துக்கு என்ன நேரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த க்ரீம் எப்படி வீட்டுக்குள் வருகிறது? பெரும்பாலும் மங்கு எனப்படும் பழுப்புத் திட்டு வழியாக. பிள்ளை பெற்றபின் கன்னத்தில் மங்கு விழுகிறது. பக்கத்து வீட்டு அக்காவோ நாத்தனாரோ ஒரு ட்யூபின் பெயரைச் சொல்கிறார். மருந்துக்கடையில் கேட்டால் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. அதில் நிறமியைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன் 2 சதவீதம், வைட்டமின் ஏ வகையான ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மோமெட்டசோன் 0.1 சதவீதம் இருக்கும். மூன்றுமே உருப்படியான மருந்துகள்தாம். மங்குக்கு இப்படி மூன்றைச் சேர்க்கும் வழியை 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் தம் சக மருத்துவருடன் சேர்ந்து வெளியிட்டார். நாங்களும் சிலருக்கு எழுதித் தருகிறோம், சில வாரங்களுக்கு, மங்கு உள்ள இடத்துக்கு மட்டும், கண்காணிப்போடு. வீட்டில் நடப்பது வேறு. மங்கு போனதும் முகமே வெளுத்ததைப் பார்த்து, முகம் முழுக்க, கழுத்து வரை, ஆண்டுக்கணக்கில் பூசுகிறார்கள். தங்கைக்கும் கொடுக்கிறார்கள்.

வெளுப்பது எப்படி? மோமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து. தோலின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும்; ரத்தம் குறைந்தால் தோல் வெளிறித் தெரியும். நிறமி உற்பத்தியையும் அது தணிக்கும். கூடவே தோலின் தடிமனையும் குறைக்கும். "முகம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது" என்று மகிழ்ந்து சொல்வார்கள். உண்மையில் தோல் மெலிந்திருக்கிறது. வெயிலும் சோப்பும் அடுப்புச் சூடும் நேராக உள்ளே இறங்கும். ஸ்டீராய்டை நிறுத்தியதும் இதுவரை இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த குழாய்கள் ஒரேயடியாக விரிகின்றன. அதுதான் அந்தச் சிவப்பும் எரிச்சலும். மறுபடி பூசினால் குழாய்கள் சுருங்கி எரிச்சல் அடங்கும், தோல் இன்னும் கொஞ்சம் மெலியும். இந்த நிலையை விவரிக்க இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப்பெயரே வைக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் இது அவ்வளவு சாதாரணமாகிவிட்டது.

ஸ்டீராய்டு பூசிய முகத்தில் சிறுசிறு பருக்கள் கூட்டமாக வரும், கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக்குழாய்கள் தெரியும், பெண்களுக்குத் தாடை ஓரத்தில் பூனைமுடி வளரும். கண்ணைச் சுற்றி நெடுநாள் பூசினால் கண்ணழுத்தமும் கண்புரையும் வரலாம். படர்தாமரை இருக்கும் இடத்தில் பூசினால் அரிப்பு அடங்கும். பூஞ்சை மட்டும் சத்தமில்லாமல் பரவும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு அறிவித்தது. ட்யூபிலேயே அந்த எச்சரிக்கை அச்சாகியிருக்கும். எழுத்து சின்னது; வாங்குகிறவரும் படிப்பதில்லை, விற்கிறவரும் காட்டுவதில்லை. வீட்டில் இருக்கும் ட்யூபை எடுத்து மருந்துப் பெயரைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், குளோபெட்டசால், ஃப்ளுவோசினோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு.

பெயரே இல்லாத டப்பாக்களை நினைத்தால்தான் எனக்கு உண்மையில் பயம். பியூட்டி பார்லரில் தரும் 'நைட் க்ரீம்', வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தது, இணையத்தில் வாங்கியது. இவற்றில் சில பாதரசம் கலந்தவை. நிறமியை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைப் பாதரசம் முடக்கிவிடும். அதனால் மற்ற க்ரீம்களைவிட விரைவாக 'கலர்' வரும். அந்த வேகமே சந்தேகத்துக்குரியது. கேரளத்தின் கோட்டக்கலில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு அந்த நோயின் அரிதான ஒரு வடிவம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்தியபின் நோய் தணிந்தது. ஆகவே வெளுக்கும் க்ரீம் பூசுகிற ஒருவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ, தோல் மருத்துவரிடம் வருவதற்கு முன்னால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பாதரசம் பூசியவரோடு நிற்பதில்லை. அது ஆவியாகும், தலையணையிலும் துண்டிலும் ஒட்டும், அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். சில டப்பாக்களில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்" என்று எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தோடு கலந்து நகையைக் கெடுக்கும் என்பதால் தரும் எச்சரிக்கை அது. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தில் பூசிக்கொள்கிறோம்!

இனி நிறுத்துவது பற்றி. ஓரிரு வாரங்கள் மட்டும் பூசியவர் அப்படியே விட்டுவிடலாம். மாதக்கணக்கில் பூசியவர் ஒரே நாளில் விட்டால் முகம் வெடித்துக் கிளம்பும்; பயந்துபோய் மறுபடி ட்யூபைத் தேடுவார். அவர்களுக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்போம், அல்லது ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பைத் தருவோம். பரு மிகுந்தால் சில வாரங்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் அது ஆகாது என்பதால் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள் மோசமானவை. சிவப்பு, எரிச்சல், வீக்கம், நீர் பட்டாலே காந்தல். இந்த நாள்களில் முகத்துக்கு வேலை கொடுக்காதீர்கள். வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், மென்மையான க்ளென்சர், சன்ஸ்கிரீன், குளிர்ந்த நீரில் நனைத்த துணி, இவை போதும். எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் மெலிந்த தோலைப் புண்ணாக்கிவிடும். கஸ்தூரி மஞ்சள் மீது எனக்குப் பகை இல்லை, ஆனால் எரியும் தோலில் அதுவும் வேண்டாம். ஃபேஷியலும் ப்ளீச்சும் பேச்சுக்கே இடமில்லை.

அதன்பின் வருவதுதான் மனத்தை உடைக்கும் கட்டம். சிவப்பு அடங்கியதும் முகம் கறுக்கும், முன்பிருந்ததைவிடவும் கறுக்கும். "என் கலரே போய்விட்டது" என்று அழுதபடி வருவார்கள். ட்யூபுக்குத் திரும்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் போகிறார்கள். அழற்சி ஆறும்போது தோல் விட்டுச்செல்லும் நிறம் அது. சில மாதங்களில் மெல்ல வடியும். வெயில் பட்டால் வடிவது தள்ளிப்போகும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. குடை எல்லாவற்றையும்விட மலிவு. தினமும் கண்ணாடியில் முன்னேற்றம் தேடாமல், மாதம் ஒருமுறை ஒரே சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

எந்த நிறம் வரை திரும்பும்? உங்கள் மேல்கையின் உட்புறத்தைப் பாருங்கள். வெயில் படாத அந்த இடத்தின் நிறம்தான் உங்கள் எல்லை. அதைவிட வெளுப்பாக்குகிறேன் என்று யாராவது சொன்னால் உங்கள் தோலின் செலவில் சொல்கிறார்கள். கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் நிறமி செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உருவாக்கும் மெலனின் துகள்களின் அளவிலும் பரவலிலும்தான் வேறுபாடு. நம் வெயிலில் வெள்ளைத் தோலைவிட நம் தோல் புற்றுநோயிலிருந்து நன்றாகத் தப்புவது அந்தத் துகள்களால்தான். குளூட்டாதியோன் ஊசி பற்றியும் கேட்கிறார்கள். நிறத்துக்காக அதைப் போட இந்தியாவில் ஒப்புதல் இல்லை, அதோடு முடிந்தது.

சில சேதங்கள் திரும்புவதில்லை. சிவப்பு நூலாகத் தெரியும் ரத்தக்குழாய்களில் சில தங்கிவிடும், அவற்றுக்கு லேசர் தேவைப்படும். அக்குளிலும் தொடையிலும் பூசியதால் விழுந்த வரிகள் மங்குமே தவிர மறையா. ஹைட்ரோகுயினோனை ஆண்டுக்கணக்கில் பூசியவர்களுக்குக் கன்னத்தில் நீலம் கலந்த கருமை படிவதுண்டு. ஓக்ரோனோசிஸ் என்னும் அதை எந்த மருந்தும் முழுதாகப் போக்குவதில்லை.

மருத்துவரிடம் போகும்போது பூசிய எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். லேபிள் கிழிந்த டப்பா, பார்லரில் கொடுத்த பெயரில்லாத கிண்ணம், காலியான ட்யூப், எதுவானாலும் சரி. "ஏதோ ஒரு வெள்ளை க்ரீம்" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு எந்த மருந்தை எப்படிக் குறைப்பது என்று எங்களால் சொல்ல முடியாது.