7018 ராடு போட்டும் அச்சு ஏன் உடைந்தது?

நாமக்கல் பக்கம் கரும்பு ஏற்றும் டிராக்டர் ட்ரெய்லர் ஒன்றின் அச்சு போன வாரம் சோதனைக்கு வந்தது. பட்டறையில் 7018 என்ற ராடால் (ஆர்க்கில் உருகி இணைப்பில் படியும், பூச்சு பூசிய கம்பி) வெல்டிங் வைத்து, கிரைண்டரால் வழித்து, பெயின்டும் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் லோடு ஏற்றும்போதே விட்டுப்போயிருக்கிறது. நல்லவேளை, வண்டி ரோட்டில் ஏறியிருக்கவில்லை.

உடைந்த முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வெல்டிங் அப்படியே முழுசாக இருக்கிறது. அதை ஒட்டினாற்போல், அச்சின் சொந்த இரும்பில், பிறை மாதிரி ஒரு பட்டை மட்டும் மங்கி லேசாகத் துருவேறியிருக்கிறது. மீதியெல்லாம் பளபளவென்று புது உடைவு. அந்தப் பிறை, லோடு ஏறுவதற்கு முன்பே விழுந்த கீறல். வண்டி சும்மா நின்ற இரண்டு நாளில் வந்தது.

கொண்டுவந்தவர் கேட்டது: "சார், 7018 தானே போட்டோம். அதைவிட ஸ்ட்ராங்கான ராடு எது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். 6013, 7018 என்ற ராடு எண்களில் முதல் இரண்டு இலக்கம், படிந்த வெல்டிங் உலோகத்தின் குறைந்தபட்ச இழுவலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் பலம். 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு, 70 என்றால் 70,000. அவ்வளவுதான். கேட், கிரில், ஷெட் எல்லாம் அடிக்கிற சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்பின், அதாவது இந்தியத் தரக் குறியீட்டில் ஐ.எஸ். 2062 இ250 தகட்டின், குறைந்தபட்ச இழுவலிமை 410 மெகாபாஸ்கல் (அதே வலிமைக்கு இன்னொரு அலகு). 6013 படிவது இதே கணக்கில் சுமார் 430. ஆக, நீங்கள் மட்டமாக நினைக்கிற 6013 ஏற்கெனவே தகட்டுக்குச் சளைத்ததில்லை. கேட்டுக்கு அது போதும். 7018 போட்டு யாரும் காசைக் கரியாக்க வேண்டாம்.

அப்படியானால் 7018 எதற்கு? அந்தக் கூடுதல் பத்தாயிரத்துக்காக அல்ல. அதன் பூச்சில் ஹைட்ரஜன் குறைவு. அதற்காகத்தான் அந்த விலை. சில டப்பாவில் 'எச்4' என்று போட்டிருப்பார்கள்: 100 கிராம் வெல்டிங் உலோகத்தில் பரவக்கூடிய ஹைட்ரஜன் 4 மில்லிலிட்டருக்கு மேல் போகாது என்று பொருள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், "ஸ்ட்ராங் ராடு" என்பார். அவரிடம் இருப்பதைத்தான் அவர் விற்பார்.

இந்த அச்சு இ.என்.8 என்ற நடுத்தரக் கார்பன் எஃகு. அதில் கார்பன் சுமார் 0.4 சதவீதம், எம்.எஸ்.-இல் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கனத்த, குளிர்ந்த அச்சில் ஆர்க் பட்டதும் பக்கத்து இரும்பு பழுத்து, உடனே சூடெல்லாம் உள்ளே இழுக்கப்பட்டு ஆறிவிடும். கொல்லர் உளியைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிறாரே, அதே வேலை. வெல்டிங்கை ஒட்டி ஓர் இழை கடினமாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அங்கே ஹைட்ரஜனும் போய்ச் சேர்ந்தால் சில மணி நேரத்திலோ இரண்டு நாள் கழித்தோ கீறும். வெல்டிங் வைத்த அன்றே பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று கையெழுத்துப் போடுபவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, 7018 தானே போட்டார்கள், ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? விசாரித்ததில், டப்பாவை உடைத்து மழைக்காலம் முழுக்க அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பூச்சு ஈரம் குடித்துவிட்டது; ஆர்க் சூட்டில் அந்த ஈரம்தான் ஹைட்ரஜனாகப் பிரிந்து வெல்டிங்கில் போய்ச் சேரும். "வெயிலில் காயவைத்துத்தான் சார் போட்டோம்." வெயில் 40 டிகிரி. 7018-ஐ 300 முதல் 350 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓவனில் வாட்ட வேண்டும். எத்தனை டிகிரி என்று டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. வீட்டு ஓவன் பெரும்பாலும் அந்தச் சூட்டுக்குப் போகாது. ராடை ஜாபில் (வேலைத் துண்டில்) ஒட்டவைத்துச் சிவக்க விடுவதும் வாட்டுவது ஆகாது, பூச்சைக் கெடுப்பது. வாட்டிய ராடைக் கைஓவனில் (ராடைச் சூடாக வைத்திருக்கும் சிறு பெட்டி) வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் போடுங்கள். சாதாரண 7018 வெளியே இருக்கலாம் என்று எஃகுக் கட்டுமான வெல்டிங்குக்கான அமெரிக்க டி1.1 விதி ஒப்புவது நான்கு மணி நேரம். மறுபடி வாட்டுவதற்கும் ஒரே ஒரு வாய்ப்புதான். 6013-க்கு இத்தனை சூடு வேண்டாம், ஈரம் பட்டிருந்தால் 100 டிகிரியைச் சுற்றிக் காயவைத்தால் போதும்.

பழைய ஏ.சி. டிரான்ஸ்பார்மர் செட்டில் 7018 ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அந்தக் கோபத்தில் 6013-க்குத் திரும்புபவர்கள் பலர். டி.சி. இன்வெர்ட்டரில் ராடை பாசிட்டிவில் போட்டுப் பாருங்கள்.

ராடை எடுப்பதற்கு முன் கேட்க வேண்டியது, இது என்ன இரும்பு என்பது. பில்லோ கிரேடோ இல்லையென்றால் கிரைண்டரில் ஒரு தொடு தொடுங்கள். எம்.எஸ். பொறி நீளமாக, கிளை அதிகம் இல்லாமல் போகும். கார்பன் கூடக்கூட, பூப்பூவாக வெடிக்கும். தெரிந்த எம்.எஸ். துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் குழப்பம் வராது. பூ வெடித்தால் வாட்டிய 7018, அதோடு இரும்பையும் சூடேற்றுங்கள்: இ.என்.8 அச்சுக்குக் கனத்தைப் பொறுத்து 150 முதல் 250 டிகிரி. டெம்பரேச்சர் சாக்கால் (குறித்த சூட்டில் உருகும் சாக்) பாருங்கள். லேசர் கன் பளபளப்பான இரும்பில் குறைத்துக் காட்டும். முடிந்ததும் காய்ந்த சுண்ணாம்புத் தூளில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலையில் 304 ரக இரும்புக்கு 308எல் ராடு, 316-க்கு 316எல். எஸ்.எஸ்.-ஐ எம்.எஸ்.-உடன் சேர்ப்பதற்கு 309எல். கையில் 308 இருக்கிறதே என்று போட்டால், எம்.எஸ். உருகிக் கலந்து குரோமியமும் நிக்கலும் நீர்த்துப்போய், இடையில் நொறுங்கும் படலம் உருவாகும். ஆர்கான் வெல்டிங்குக்குக் கட்டுக்கம்பியை ஃபில்லராக (இணைப்பை நிரப்பும் கம்பியாக) போடுகிறவர்களிடம் என்ன சொல்வது? ஆக்ஸிஜனைப் பிடித்து வெளியேற்றுவதற்கான சிலிக்கானும் மாங்கனீசும் அதில் போதாது, ஓட்டை ஓட்டையாக வரும். இதற்கென்றே உள்ள ஈஆர்70எஸ்-2 ஃபில்லர் கம்பி கிலோவுக்கு எத்தனை ரூபாய் கூடிவிடும்? இடைவெளியில் 6 மி.மீ. கம்பியைச் செருகி மேலே ஒரு பூச்சு ஓட்டுவதற்குப் பெயர் வெல்டிங்கே இல்லை.

லாரி ஸ்பிரிங் பட்டை உடைந்தால் எந்த ராடும் வேண்டாம். பட்டையை மாற்றுங்கள்.

அச்சு, கொக்கி, ஷாஃப்ட் என்று ஆள் உயிர் தொங்கும் வேலையாக இருந்தால், அதே இரும்பில் ஒரு கழிவுத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். அதே ராடு, அதே சூடு. வேலையில் எத்தனை கனமோ அத்தனை கனத்தில் ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைத்து, இரண்டு நாள் போட்டுவையுங்கள். அப்புறம் வைஸில் கடித்துச் சுத்தியலால் அடியுங்கள். வளைந்து நீண்டு கிழிந்தால் வண்டிக்காரரைக் கூப்பிடலாம். பட்டென்று வெல்டிங்கை ஒட்டி விட்டுப்போனால் வண்டியைத் தொடாதீர்கள்.