ஏழு குள்ளர்கள் மறந்துபோன நோயாளி

மலேரியாத் தடுப்புப் பணிக்குப் புதிதாக வரும் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது, பல ஆண்டுகளாக ஒரு பழைய கார்ட்டூன் படத்தைத் திரையிட்டு வருகிறேன். வால்ட் டிஸ்னி நிறுவனம் 1943இல் வெளியிட்ட ‘தி விங்டு ஸ்கர்ஜ்’ என்னும் அந்தப் படம் ஏறக்குறைய பத்து நிமிடம்தான் ஓடும். ஒருமுறை படம் முடிந்து விளக்கைப் போட்டதும், பின்வரிசையில் இருந்த இளம்பெண் ஒருவர் எழுந்து, “கொசு முதல்ல ஒரு காய்ச்சல்காரரைக் கடிச்சுதே சார், அவருக்கு யார் மாத்திரை குடுத்தாங்க?” என்று கேட்டார். அதுவரை எத்தனையோ முறை பார்த்திருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், நெல்சன் ராக்ஃபெல்லரின் தலைமையில் லத்தீன் அமெரிக்க நாடுகளுடனான உறவைக் கவனித்துவந்த அமெரிக்க அரசு அலுவலகத்துக்காக எடுக்கப்பட்ட படம் இது. இயக்கியவர் பில் ராபர்ட்ஸ். எழுத்தறிவு குறைந்த கிராமங்களிலும் நோயைப் பற்றிய செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக, 1937ஆம் ஆண்டின் ‘ஸ்னோ ஒயிட்’ படத்தில் புகழ்பெற்ற ஏழு குள்ளர்களையும் கொசு ஒழிப்பு வேலைக்கு இறக்கிவிட்டார்கள்.

படத்தின் முதற்பாதியை நான் இன்றும் வியந்து பார்க்கிறேன். தேடப்படும் குற்றவாளிக்குச் சுவரொட்டி ஒட்டுவதுபோல அனாபிலிஸ் கொசு அறிமுகமாகிறது. பொது எதிரி எண் 1 என்ற பட்டமும் அதற்கு உண்டு. அந்தக் கொசு நோயாளி ஒருவரின் இரத்தத்தைக் குடித்து, கிருமியைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டு, பிறகு நலமாக இருக்கும் ஒரு விவசாயியைக் கடிக்கிறது. அவர் நோயில் விழ, அவருடைய நிலமும் வீடும் மெல்லப் பாழாகின்றன. மனிதன், கொசு, மீண்டும் மனிதன் என்ற இந்தச் சங்கிலியைக் கரும்பலகையில் எழுதி விளக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். அப்படி விளக்கியும் பாதிப் பேருக்கு மனத்தில் நிற்பதில்லை. படமோ அதைச் சில நிமிடங்களில், எழுத்தே தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிவிடுகிறது. திரையை நிறைக்கும் அந்த ராட்சதக் கொசு மட்டும் சற்றுத் தொல்லை தரும்; உண்மைக் கொசுவின் அளவும் தோற்றமும் அதில் பிடிபடாது. ஆகவே, 45 பாகைச் சாய்வில் தலைகீழாக நிற்பதுபோல உட்காரும் உண்மையான அனாபிலிஸ் கொசுவையும், நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும் அதன் புழுக்களையும் சோதனைக் குழாயில் எடுத்துச் சென்று கைக்குக் கை கொடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

இரண்டாம் பாதியில் பின்னணிக் குரல் தொண்டர்களை அழைக்க, குள்ளர்கள் வந்து வேலையைத் தொடங்குகிறார்கள். தண்ணீர்ப் பீப்பாயை மூடுவது, தேங்கிய குட்டையை மண்ணிட்டுத் தூர்ப்பது, சன்னலுக்கு வலையடிப்பது, கொசுவலைக்குள் தூங்குவது ஆகியவை எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பழுதில்லாத அறிவுரைகளே. சென்னை போன்ற நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி கொசு, சரியாக மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும்தான் பெருகுகிறது என்பதால், அந்தப் பீப்பாய் மூடிக் காட்சி நம் வீட்டு மொட்டைமாடிக்கும் அப்படியே பொருந்தும்.

ஆனால் குள்ளர்கள் குளத்தில் எண்ணெய் தெளிப்பதும், பாரிஸ் பச்சை என்ற பொடியைத் தூவுவதும் வேறு கதை. அந்தப் பொடி ஆர்செனிக் கலந்த நஞ்சு. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பொதுப் பயன்பாட்டுக்கு வருமுன் கொசுப்புழுவைக் கொல்ல அதுதான் கிடைத்தது என்பதால் படம் எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. என்றாலும் அதைக் குழந்தைகள் விரும்பும் பாத்திரங்கள் விளையாட்டுப்போலச் செய்வதை இன்று ஒரு பள்ளியில் விளக்கமின்றித் திரையிடக் கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அனாபிலிஸ் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு, இரவில் வலை கட்டினால் டெங்குவும் வராது என்று நம்பியவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இவையெல்லாம் காலத்தின் குறைகள். அந்தப் பெண் கேட்டதுதான் படத்தின் உண்மையான குறை. நோயின் ஊற்றாகக் காட்டப்பட்ட முதல் மனிதர், கொசு அவரை விட்டுப் பறந்ததும் கதையிலிருந்தே மறைந்துவிடுகிறார். அவருடைய இரத்தத்தில் கிருமி இருக்கும்வரை ஊரில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு கொசுவுக்கும் அவர் வழியாக நோய் கிடைத்துக்கொண்டே இருக்கும். அவருக்கு மருந்து கொடுப்பதும் சங்கிலியை அறுக்கும் வழிதான் என்பது படத்தின் கவனத்துக்கு வரவில்லை. 1942இல் ஜாவாத் தீவு ஜப்பான் வசமாகி, மலேரியாவுக்கான கொயினா மருந்தின் உலக வரத்தில் பெரும்பகுதி நின்றுபோயிருந்தது. கிடைக்காத மருந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று விட்டிருக்கலாம் என்பது என் ஊகம். அந்தச் சுவரொட்டியில் கொசுவின் குற்றங்களுள் ஒன்றாக ‘வேலை நேரத்தைத் திருடியது’ என்று எழுதியிருப்பதும் எனக்கு உறுத்தும். நோயாளியை உழைப்பின் கணக்காகப் பார்க்கும் கண்ணுக்கு, உழைக்க முடியாமல் கிடப்பவர் எளிதில் தெரியமாட்டார்.

கொசுவை மட்டும் துரத்தினால் போதாது என்பதற்கு இலங்கையைவிட நல்ல சான்று இல்லை. டிடிடி தெளிப்பின் பயனாக 1963இல் அங்கு 17 நோயாளிகளே பதிவாயினர். பிறகு தெளிப்பும் கண்காணிப்பும் தளர, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோய் பேரளவில் திரும்பி வந்தது. கொசு ஒழிப்போடு, நடமாடும் மருத்துவக் குழுக்களை அனுப்பிக் காய்ச்சல்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சை அளிக்கும் முறையையும் பின்னாளில் வலுப்படுத்திய பிறகே, 2016இல் உலகச் சுகாதார நிறுவனத்திடம் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழை அது பெற்றது.

படம் வந்தபோது அறிவியலுக்கே தெரியாத ஒன்றும் உண்டு. கொசு செலுத்தும் கிருமி நேராக இரத்த அணுக்களுக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது. ஷார்ட், கார்ன்ஹாம் ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் இதைக் குரங்கு மலேரியாவில் கண்டறிந்தது 1948இல்தான். நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படும் வைவாக்ஸ் வகைக் கிருமி, கல்லீரலிலேயே மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு விழித்துக் காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவரும். அதைத் தடுக்கவே, மூன்று நாள் குளோரோகுயின் மாத்திரையோடு பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் பிரைமாகுயின் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் வாங்கி விழுங்கவும் கூடாது. நான் களத்தில் கண்டவரை, மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் வேலைக்குப் போய்விடுகிறவர்களே அதிகம்; மீதி மாத்திரை அலமாரியில் கிடக்கும்.

ஆகையால் இப்போதெல்லாம் குள்ளர்கள் வருவதற்குச் சற்று முன்பாகவே படத்தை நிறுத்தி, அந்த முதல் நோயாளியின் பதினான்கு நாளைப் பயிற்சிக்கு வந்தவர்களையே சொல்லச் சொல்கிறேன்: யார் அவர் விரலில் குத்தி இரத்தத் தடவல் எடுப்பது, முடிவு எத்தனை நாளில் அவர் கைக்குப் போகும், ஒன்பதாம் நாள் அவர் வெளியூர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் மாத்திரையை யார் கொண்டுபோய்க் கொடுப்பது. வகுப்பில் வாக்குவாதம் மூளுவது அந்தக் கடைசிக் கேள்வியில்தான். அது ஓய்ந்த பிறகே மீதிப் படத்தை ஓடவிடுகிறேன்.