ஒன்லைன் சூதாட்டத்துக்கு மாசம் எவ்வளவு போகுது?

“கூடினா மாசம் பத்தாயிரம் போகும் சேர்.”

திருக்கடலூரிலிருந்து வந்த அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தார். போனில் இருந்த வங்கிக் குறுஞ்செய்திகளைத் திறந்து, போன மாதம் அனுப்பிய காசைத் தாளில் எழுதச் சொன்னேன். 500, 1,000, திரும்பவும் 500. பெரும்பாலும் இரவு 11 மணிக்குப் பிறகு. கூட்டினால் 84,000 ரூபாய். வென்று கணக்குக்கு வந்தது 12,000. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார். (ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

உளவளத்துணையாளராக இதை அடிக்கடி பார்க்கிறேன். தளத்துக்குள் மீதியாகக் காட்டும் தொகையைத் திரும்பக் கட்டித் தோற்றால் அது இழப்பாகவே தெரிவதில்லை. காசு போவதும் யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு. மனைவி பார்த்தாலும் கைமாற்றுக் கொடுத்தது போலத்தான் இருக்கும்.

நாடுகளுக்கே இதை அளப்பது கஷ்டம். பிரித்தானிய சூதாட்ட ஆணைக்குழு, அனுமதியற்ற தளங்களுக்கு எத்தனை வருகை, எவ்வளவு நேரம் என்று இணையத் தரவுகளிலிருந்து கணிக்கிறது. இருக்கும் இடத்தை மறைக்கும் வீபிஎன் செயலி போட்டவர் வேறு நாட்டவராகத் தெரிவார். மூடிய தளம் புது முகவரியில் முளைக்கும். ஆளிடமே கேட்டாலும், தான் ஆடுவது அனுமதியுள்ள தளமா என்று அவருக்கே தெரியாது. இலங்கையில் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த அதிகாரசபை அமைக்கும் சட்டமே 2025இல்தான் நிறைவேறியது.

அதனால் எனக்குக் காசுக் கணக்கு மட்டும் போதாது. சூதாட்டப் பழக்கம் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க, கனடாவில் உருவான 9 கேள்வி அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 8 அல்லது அதற்கு மேல் என்றால் நிலைமை பாரதூரம். அதில் நான் முதலில் கேட்பது: விட்ட காசைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பப் போனீர்களா? “எப்பவும்” என்றார் தம்பி.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். நகையை அடகு வைத்துக் கடனை அடைக்க ஓடாதீர்கள். அடுத்த கடனுக்கு வழிவிட்டதாகிவிடும். முதலில் திகதி, நேரம், போன காசு, வந்த காசு என்று பக்கத்தில் இருந்து எழுத வையுங்கள். இரவில் மனம் உடைந்தால் 1926க்கு அழைக்கலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

தம்பியின் தாளில் இது மூன்றாவது கிழமை. செவ்வாய் இரவு மட்டும் 500 இருக்கிறது. கேட்க முன்னமே அவரே காட்டினார்.